மூன்றாம் நாள் இரவும், அதன் பின் வரும் வருஷமும்



சென்ற இதழில் வெளியான வரவு செலவுக் கணக்கைப் பார்த்துச் சில அன்பர்கள் எங்களுக்கு எழுதியிருந்தார்கள். போதை மீட்புப் பிரிவில் ஒருவரைப் பத்து நாள்தான் படுக்கையில் வைத்திருக்கிறோம் என்கிறோம். ஆனால் அவருக்கென்று ஒரு வருஷச் செலவு காட்டியிருக்கிறோம். பஸ் கட்டணம் என்று தனியாக ஒரு வரி வேறு இருக்கிறது. இது என்ன கணக்கு என்பது அவர்கள் கேள்வி. காணிக்கை கொடுப்பவர்கள் இப்படிக் கேட்க வேண்டும் என்றே நாங்கள் விரும்புகிறோம். பதிலைச் சொல்லுமுன் இந்த வியாதி சரீரத்துக்குள் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாய் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் ஊர் பட்டணமல்ல. ஒரு பஸ் நிலையம், ஒரு தாலுகா ஆஸ்பத்திரி, வாரச்சந்தை, நான்கைந்து மருந்துக் கடைகள், மூன்று சபைகளின் ஆலயங்கள். போதை என்பது எங்கோ தூரத்துப் பெரு நகரங்களில் பணக்காரப் பிள்ளைகளுக்கு வருவது என்று எண்ணியிருந்த பெரியவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் வார்டுக்கு வருகிறவர்கள் கொத்தனார், லோடுமேன், டிரைவர், கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட பையன், சில வேளை ஆசிரியர். பெரும்பாலோருக்கு மதுவே வியாதி. அதற்கடுத்து கஞ்சா. சில வருஷங்களாக வலி மாத்திரை. பஞ்சர் ஒட்டும் பசையை முகருகிற சிறுவர்களும் உண்டு. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வில், இப்படி முகரும் பொருட்களில் மட்டும் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடையே பழக்கம் அதிக விகிதத்தில் இருப்பது தெரியவந்தது.

அந்த ஆய்வு சொல்லும் இன்னொரு கணக்கு எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. 10 முதல் 75 வயது வரையுள்ளவர்களில் ஏறக்குறைய 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படுகிறது. குடிக்கு அடிமையானவர்களிலோ 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேர் எங்கே? அவர்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். நம் ஆலயங்களின் கடைசி பெஞ்சிலும் இருக்கிறார்கள்.

மதுவை முதலில் எடுத்துக்கொள்வோம். கடையில் விற்கும் பிராந்தியோ ரம்மோ பெரும்பாலும் 42.8 சதவீதச் சாராயம் கொண்டது. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 61 கிராம். ஈரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் எரிக்க முடியும். ஆகவே இரவு பத்து மணிக்குக் குடித்த ஒரு குவார்ட்டர் விடியும் வரை இரத்தத்தில் இருக்கிறது. வருஷக்கணக்கில் தினமும் இப்படிக் குடிக்கும்போது மூளை அதற்கு ஈடு கொடுக்கப் பழகிவிடுகிறது. மது மூளையை மந்தப்படுத்துகிறது. மூளையோ எதிர்ப்பக்கம் முழுப் பலத்தோடு இழுத்துச் சமன் செய்துகொள்கிறது. மேட்டில் பாரம் இழுத்துப் பழகிய மாடுகளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரத்தைக் கட்டிய கயிறு சட்டென்று அறுந்தால் மாடுகள் நிற்பதில்லை. முன்னே பாய்ந்து முழங்கால் மடிந்து விழும். குடியைத் திடீரென நிறுத்தும்போது மூளைக்கு நேரிடுவது அதுதான்.

காலையில் எழுந்ததும் கை நடுங்கி, நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் போட்டால்தான் சட்டைப் பொத்தானை மாட்ட முடிகிறது என்ற நிலை வந்துவிட்டதா? அப்படியானால் அது இனி கெட்ட பழக்கம் என்ற எல்லையைத் தாண்டி சரீர வியாதியாகிவிட்டது என்று அறியவும். வீட்டார் எங்களிடம் எவ்வளவு குடிக்கிறார் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லுவார்கள். எங்கள் டாக்டரோ காலையில் கை நடுங்குகிறதா என்பதைத்தான் முதலில் கேட்பார்.

இனி நாங்கள் சொல்லப்போவதைத் தயவுசெய்து இருமுறை வாசியுங்கள். அப்படிப்பட்ட ஒருவர் சனிக்கிழமை இரவு கடைசியாகக் குடித்தார் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு ஆராதனையிலோ கன்வென்ஷன் கூட்டத்திலோ மனம் உடைந்து, இனித் தொடமாட்டேன் என்று தீர்மானம் எடுக்கிறார். குடும்பம் ஆனந்தக் கண்ணீர் விடுகிறது. அன்று மாலையே நடுக்கம், வியர்வை, வாந்தி. இரவில் தூக்கமில்லை. ஞாயிறு இரவோ திங்கட்கிழமையோ வலிப்பு வரலாம். திங்கள் இரவு அல்லது செவ்வாய் இரவு, அதாவது குடியை நிறுத்திய மூன்றாம் நாளையொட்டி, சிலருக்குச் சித்தம் கலங்குகிறது. சுவரில் பூச்சி ஊருகிறது என்பார். கட்டிலில் பாம்பு என்று அலறுவார். இல்லாத ஆளோடு பேசுவார். டிரைவராயிருந்தவர் கட்டிலில் உட்கார்ந்து ஸ்டியரிங் திருப்புவதையும், தையற்காரர் வெறும் விரல்களால் ஊசியில் நூல் கோப்பதையும் எங்கள் நர்ஸ்மார் பல முறை பார்த்திருக்கிறார்கள். உடம்பு நெருப்பாய்ச் சுடும், நாடி ஓடும். மருத்துவத்தில் இதற்கு டெலிரியம் டிரெமன்ஸ் என்று பெயர். சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிரைக் குடித்துவிடும்.

நம்முடைய ஜனங்கள் இதைப் பேய் என்று எண்ணிவிடுகிறார்கள். குடியை விட்டதனால் சாத்தான் கோபங்கொண்டான் என்று சொல்லுகிற ஜெபக்குழுக்காரர்களும் உண்டு. கையைக் காலைக் கட்டி, உபவாசம் போட்டு, விடிய விடிய உரத்த சத்தமாய் ஜெபிக்கிறார்கள். சாப்பாடில்லாத சரீரத்தில் ஏற்கனவே குறைந்துபோன தயமின் என்னும் வைட்டமின் பி1 இன்னும் குறைகிறது. நாங்கள் ஜெபத்துக்கு விரோதமானவர்கள் அல்லவென்று உங்களுக்குத் தெரியும். அதற்கென்றே அபிஷேகம் பெற்றவர்கள் நாங்கள். செமினரியில் எங்களுக்கு இதையெல்லாம் சொல்லித்தரவில்லை, இரவு டியூட்டி சிஸ்டர்மார்தான் சொல்லித்தந்தார்கள். ஆகவே அழுத்தமாகவே எழுதுகிறோம்: குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால், அந்த இரவே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஜெபிப்பவர்கள் வண்டியில் கூடவே ஏறி வரட்டும்.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது நாடே கலங்கியது. மூன்றாம் நாள் இரவில் திண்ணையில் இறக்கிறவரோ செய்தித்தாளில் வருவதில்லை. ஹார்ட் அட்டாக் என்று சொல்லி அடக்கம் பண்ணிவிடுகிறோம். அப்படிப்பட்ட அடக்க ஆராதனைகளை நாங்களும் நடத்தியிருக்கிறோம்.

இத்தனைக்கும் இதைத் தடுப்பது கஷ்டமான வைத்தியமல்ல. டயசிபாம், குளோர்டயாசிபாக்சைடு போன்ற மாத்திரைகளைத் தகுந்த அளவில் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். ஈரல் கெட்டிருந்தால் லோரசிபாம். கூடவே தயமின் ஊசி. இதில் ஒன்றை மட்டும் தனியே சொல்லுகிறோம். நம் ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொல்லுவது வழக்கம். குடித்துக் குடித்துச் சாப்பாடு மறந்தவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மூளையில் மீட்க முடியாத சேதம் ஏற்பட்டு, ஞாபக சக்தியே போய்விடக்கூடும். தயமின் விலை அதிகமில்லை. அதைத் தெரிந்த ஒருவர் அருகில் இருப்பதுதான் சிறிய ஊர்களில் அரிது.

வலி மாத்திரை வேறு விதம். டேப்பென்டடால், டிராமடால் ஆகியவை அறுவை சிகிச்சைக்குப் பின்னும் கடும் முதுகுவலிக்கும் டாக்டர்மார் எழுதுகிற மாத்திரைகள். மூளையில் மார்ஃபின் எந்த இடத்தைப் பிடிக்கிறதோ அதே இடத்தை இவையும் பிடிக்கின்றன. டிராமடால் 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. டேப்பென்டடாலையும் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது; ஆனாலும் பையன்கள் கைக்கு வந்துவிடுகிறது. அதைப் பொடித்து, தண்ணீரிலோ சலைனிலோ கலந்து, ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். வயிற்றுக்குப் போகும்படி செய்த மாத்திரையில் சுண்ணாம்பு போன்ற கரையாத பொருட்கள் உண்டு. அவை நரம்பை அடைத்துக் கையை அழுகச் செய்கின்றன, நுரையீரலையும் கெடுக்கின்றன. ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்துகொண்டால் எச்.ஐ.வி.யும் ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமியும் கூடவே வருகின்றன. முழுக்கைச் சட்டையைக் கோடை வெயிலிலும் கழற்றாத பையனைக் கண்டால் தாய்மார் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இதை நிறுத்தும்போது மூக்கு ஒழுகும், கொட்டாவி கொட்டாவியாய் வரும், மயிர்க்கூச்செறியும், வயிறு போகும், எலும்பெல்லாம் முறிவதுபோல் வலிக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணியும். மதுவைப் போல இந்த நிறுத்தம் சாதாரணமாய் உயிரை எடுப்பதில்லை. ஆபத்து பின்னால் வருகிறது. ஒரு மாதம் எங்கேயோ அடைத்துவைத்து மாத்திரை இல்லாமல் இருந்த பையன் வீட்டுக்கு வருகிறான். சரீரம் தாங்கும் சக்தியை இழந்துவிட்டது. அவனுக்கு அது தெரியாது. பழைய நண்பன் வருகிறான். பழைய அளவையே ஏற்றிக்கொள்கிறான். மூச்சு மெதுவாகி, குறட்டை போலச் சத்தம் வந்து, உதடு நீலம் பாய்ந்து, நின்றுவிடுகிறது. சிறையிலிருந்து வெளிவரும் பையன்களுக்கும் முதல் சில வாரங்களில் இதே ஆபத்து உண்டு. இப்படிக் கண்டால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். தட்டி எழுப்புங்கள், 108-ஐ அழையுங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். ஆஸ்பத்திரியில் நாலக்சோன் ஊசி இருக்கிறது. நேரத்துக்குக் கிடைத்தால் சில நிமிஷத்தில் மூச்சு திரும்புகிறது.

ஆகவேதான் இந்தப் பையன்களுக்கு முழுக்க நிறுத்தி அனுப்பிவிடாமல், புப்ரினார்ஃபின் என்கிற மாத்திரையைப் பல மாதங்கள், சிலருக்குப் பல வருஷங்கள், மேற்பார்வையில் கொடுக்கிறார்கள். நாக்கின் அடியில் வைத்துக் கரைப்பது. இதைக் கேட்டவுடன் சபைக் கமிட்டிகளில் எழும் ஆட்சேபம் எங்களுக்கு மனப்பாடம்: ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா? இல்லை. இது மூளையில் அதே இடத்தில் போய் உட்கார்ந்தாலும் மெதுவாக, ஒரு வரம்புக்குள் வேலை செய்கிறது. மயக்கம் தேடி ஓடும் ஓட்டம் நிற்கிறது. பையன் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறான். இப்படித் தொடர் சிகிச்சையில் இருப்பவர்களின் மரணம், இல்லாதவர்களோடு ஒப்பிடும்போது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பது பல நாடுகளில் உறுதியான விஷயம். சர்க்கரை வியாதிக்கு ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிடும் மூப்பரை நாம் யாரும் விசுவாசக் குறைவு என்று சொல்லுவதில்லை அல்லவா?

கஞ்சாவுக்கு இப்படிப்பட்ட மருந்து கிடையாது. ஆலோசனையும் பொறுமையும்தான். ஆனால் சந்தேகமும் காதில் குரல் கேட்பதும் தொடங்கிவிட்டால் மனநல டாக்டரிடம் போவதில் தாமதம் கூடாது.

இனி எங்கே போவது என்ற கேள்வி. சென்னையில் 1980-இல் திருமதி சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தின் மருத்துவமனை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவு பாகாயத்தில் இருக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. நாங்களும் கஷ்டமான கேஸ்களை அப்படிப்பட்ட இடங்களுக்கு அனுப்புகிறோம். ஆனால் கூலி வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்துக்குச் சென்னை என்பது ஒரு ராத்திரி பஸ், ஒரு வார வருமானம். ஒருமுறை போவார்கள், மறுமுறை போகமாட்டார்கள்.

அருகிலேயே இருப்பவற்றை நம்மில் பலர் அறியோம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல டாக்டர் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின்படி அவர்கள் குறித்த நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் வருகிறார்கள், மருந்து இலவசம். எந்த நாள் என்று உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் கேட்டு, ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தால் அதுவே பெரிய ஊழியம். 2025-இல் தமிழக அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. மத்திய அரசின் உதவிப்பணத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களும் உண்டு. 14446 என்ற எண்ணில் போதை மீட்பு ஆலோசனையும், 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

போலீசுக்குப் பயந்து வராத பையன்களின் தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையாகி, உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அவர்மேல் வழக்கு நடத்தாமல் விட அது வழி செய்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தச் சலுகையை எடுத்துவிடலாம். வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தனியார் நடத்தும் சில இடங்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. நல்லவை உண்டு. ஆனால் இரவில் வேன் அனுப்பி ஆளைப் பிடித்துக்கொண்டு போய், மூன்று மாதம் பூட்டிவைத்து, அடித்துத் திருத்துவதாகச் சொல்லிப் பணம் வாங்குகிற இடங்களும் இருக்கின்றன. குடும்பம் களைத்துப்போன நேரத்தில் அது ஒரு நிம்மதியாகக்கூடத் தோன்றும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி தீப்பற்றியபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதையால் வரும் நோய்களையும் உட்படுத்துகிறது. யாரையும் எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. இப்படிப்பட்ட நிலையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. ஆகவே சேர்க்குமுன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் எந்தெந்த நாள் வருகிறார், இரவில் நர்ஸ் இருக்கிறாரா, வீட்டார் பார்க்க வரலாமா என்று கேளுங்கள். பார்க்கக் கூடாது என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கிறிஸ்தவப் பெயர்ப் பலகை தொங்குகிறது என்பதற்காக எந்தக் கேள்வியையும் விட்டுவிட வேண்டாம்.

பத்திரிகைகளில் வரும் பொடி விளம்பரங்களும் அப்படியே. குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கலாம் என்று போட்டிருக்கும். பாவம், எத்தனை மனைவிமார் வளையலை அடகுவைத்து வாங்குகிறார்கள்! உள்ளே என்ன இருக்கிறதென்று விற்பவரும் சொல்லமாட்டார். டைசல்ஃபிரம் என்று நியாயமான மருந்து ஒன்று உண்டு. 1940-களில் டென்மார்க்கில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வேறொரு நோய்க்காகத் தாங்களே அதைச் சாப்பிட்டுப் பார்த்து, பிறகு மது அருந்தியபோது உடம்பு படுத்தியதிலிருந்து அதன் குணம் வெளிப்பட்டது. அதைச் சாப்பிடுகிறவர் மது தொட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுப்பார். சில வேளை இரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஆகையால் நோயாளியின் முழுச் சம்மதத்தோடு, அவருக்கு விளக்கிச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். காலையில் மனைவியோ தாயோ கையில் கொடுக்க, அவர் வாங்கிச் சாப்பிடுவதே பாதி வைத்தியம். ஒளித்துக் கொடுத்தால் அந்தப் பாதி போய்விடுகிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். பத்து நாளில் நஞ்சு இறங்குகிறது. உண்மையில் அதுவே சுலபமான பகுதி. வார்டில் மது இல்லை, கடன்காரன் இல்லை, கூலி கையில் விழும் சனிக்கிழமை இல்லை. கெட்ட குமாரன் கதையை நாம் விருந்தோடு நிறுத்திவிடுகிறோம். விருந்துக்கு மறுநாள் காலை அந்த வீட்டில் என்ன நடந்தது? மூத்தவன் வயலுக்குப் போகிறான்; இளையவன் என்ன செய்தான்? யார் அவன் கையில் பணம் கொடுத்தார்கள்? எங்கள் வேலை அந்த மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. ஏறக்குறைய பாதிப்பேர் முதல் வருஷத்துக்குள்ளேயே மறுபடி தொட்டுவிடுகிறார்கள். இது எங்கள் மருத்துவமனையில் மட்டுமல்ல, உலகெங்கும் உள்ள அனுபவம். இரத்தக் கொதிப்புக்காரர் மாத்திரையை விட்டுத் திரும்ப வருவதும் இதே அளவில்தான் நடக்கிறது; அவரை யாரும் வெட்கப்படுத்துவதில்லை.

அதனால் முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதற்குப் பின் மாதம் ஒருமுறை அவர் எங்களிடம் வரவேண்டும். வராதிருந்தால் எங்கள் சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போகிறார். கோபித்துக்கொள்ள அல்ல, இன்னும் உயிரோடு இருக்கிறாரா, சாப்பிடுகிறாரா என்று பார்க்க. மனைவிக்கும் தனியே ஆலோசனை உண்டு. வருஷக்கணக்காக அடி வாங்கிய பிள்ளைகளுக்கும் உண்டு. பஸ் கட்டணம் இல்லாததனால் நின்றுபோனவர்கள் அநேகர். அந்த வரி அதற்காகத்தான்.

ஆட்களைத் தூரத்துக்கு இழுக்காமல் வைத்தியத்தை அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது எங்கள் கண்டுபிடிப்பல்ல. சென்னை டி.டி. ரங்கநாதன் நிறுவனத்தார் 1980-களின் இறுதியிலேயே தஞ்சைப் பக்கத்து மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு, ஊர்ப் பெரியவர்களின் உதவியோடு அங்கேயே குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை தந்து, பின்தொடர்ந்தும் வந்தார்கள். குடும்பத்தாரைக் கூடவே தங்கவைக்கும் வழக்கமும் பழையது. அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் 1950-களில் மனநோயாளிகளின் உறவினரையும் கூடாரங்களில் தங்கவைத்தார். பிறகு வேலூரும் அவ்வழி நடந்தது. நாங்கள் சேர்க்கும்போதே வீட்டில் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று கேட்பது அதிலிருந்து வந்ததே.

குடிநோயாளர் தாங்களே நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் பெரிய உதவி. 1935-இல் அமெரிக்காவில் ஒரு டாக்டரும் ஒரு வியாபாரியும் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளத் தொடங்கியது அது. கட்டணமில்லை, பெயர் கேட்பதில்லை. அவர்களுக்குத் தேவை ஓர் அறையும் சில நாற்காலிகளும். ஞாயிறு பள்ளி அறை வாரநாட்களில் சும்மாதானே இருக்கிறது?

அன்பர்களிடம் எங்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு, சிலருக்கு வருத்தமாயிருக்கலாம். சுகமானவரை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லவைக்கும்படியும், அவர் படத்தை இந்த இதழில் போடும்படியும் அடிக்கடி கேட்கிறீர்கள். நாங்கள் போடுவதில்லை. மூன்றாம் மாதத்தில் ஆயிரம் பேர் முன் சாட்சி சொன்னவர் நாலாம் மாதத்தில் ஒருமுறை தவறினால் எங்கே போவார்? சபைக்கு வர முகமில்லை. எங்களிடம் வரவும் வெட்கம். மேடை ஏறாதவர் மறுநாளே வந்து, ஐயா, நேற்றுக் குடித்துவிட்டேன் என்கிறார். டாக்டர் மருந்தைச் சரிசெய்கிறார். அடுத்த வாரம் மறுபடி பஸ் ஏறி வருகிறார். உங்கள் காணிக்கை வீணாகவில்லை என்பதற்கு எங்களிடம் இருக்கும் அத்தாட்சி அவர் திரும்ப வருவதுதான்.

கடைசியாகத் திருவிருந்துப் பாத்திரத்தைப் பற்றி. டைசல்ஃபிரம் சாப்பிடுகிறவருக்கு ஒரு வாய் திராட்சை மதுகூட ஆகாது. அம்மாத்திரை சாப்பிடாவிட்டாலும், விட்டு ஒரு வருஷமான நாக்குக்கு அந்தச் சுவையை ஞாபகப்படுத்துவது நல்லதல்ல. சிலர் இதற்காகவே திருவிருந்து ஞாயிறுகளில் ஆலயத்துக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள்; ஆயர்மாரோ அவர் பின்வாங்கிப் போனார் என்று எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் டாக்டர் 1869-இலேயே புளிக்காத திராட்சைச் சாற்றைத் திருவிருந்துக்கென்று செய்துகொடுத்தார். கறுப்புத் திராட்சையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, சுத்தமான பாட்டிலில் அடைத்துக் குளிர்ப் பெட்டியில் வைத்தால் போதும். ஒருவருக்கு மட்டும் தனிக் கிண்ணம் வைத்தால் எல்லார் கண்ணும் அவர்மேல் விழும். எல்லாருக்குமே சாறாக மாற்றிவிடுவது நல்லது. எங்கள் அருகிலுள்ள ஒரு சபையில் ஆயரம்மா முந்தின நாள் மாலை அதைக் காய்ச்சி வைக்கிறார்கள். மாற்றி எத்தனையோ மாதமாகியும் சபையாரில் பலர் இன்னும் கவனிக்கவில்லை என்று கேள்விப்படுகிறோம்.